பன்னிரண்டு குழிப் பெட்டி

இனி வாழ்நாளில் ஒரு வெள்ளி வட்டுகூட வாங்குவதில்லை என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்தபோது காலை மணி எட்டு. கூரியர்காரர் வந்து அழைப்புமணியை அழுத்தியபோது எட்டு இருபது.

ஒரு சபதத்துக்கு இருபது நிமிஷ ஆயுள் என்பது கொஞ்சம் அற்பாயுள்தான். ஆனால் இதற்கு முந்தைய சபதம் பதினொரு நிமிஷம்தான் நின்றது. அதோடு ஒப்பிட்டால் மனிதர் முன்னேறிக்கொண்டுதான் இருந்தார்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டில் ஏறி இறங்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்டையே ஏற்றி இறக்குகிறவர். இருபத்திரண்டு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் சொன்னால் நிற்கும், அவர் சொன்னால் நகரும். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று மேலிருந்து அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும், உள்ளே அழுகிற குழந்தை அழுகையை நிறுத்திவிடும். அதே குரல் தன் சொந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் தானாக இரண்டு மாடி கீழே இறங்கிவிடும்.

அந்த வீடு நான்காவது மாடியில் இருந்தது. முன்னறை முழுக்க துணி. அவர் மனைவி திரைச்சீலை தைப்பவர். கட்டடத்தில் எல்லாரும் அவரைத் திரைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறார். ஜன்னலை ஒரு தடவை பார்த்தால் போதும், அளவு நாடா பிறகு வந்து ஆமாம் போடும்.

லிஃப்ட்காரருக்குப் பிடித்த பித்துதான் வெள்ளி வட்டு. அது காசு மாதிரியே இருக்கும், ஆனால் காசு இல்லை. ஒரு பிஸ்கட் அகலம், சுத்த வெள்ளி. ஒரு பக்கம் கிரேக்கப் புராணத்து ஆசாமி ஒருவர் இடியையோ வாளையோ பிடித்துக்கொண்டு புடைத்து நிற்பார். மறுபக்கம் இரண்டு தூண், நாலு இலை. எந்த அரசாங்கமும் அடித்ததில்லை, எந்தக் கடையிலும் செல்லாது. ஆசைப்பட்டவர் வாங்கி, ஆசை தீரும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படி ஐந்து வட்டு ஏற்கெனவே அலமாரி இழுப்பறையில் இருந்தன.

"காசும் இல்லை, நகையும் இல்லை. பின்ன என்னதாங்க இது?" என்று திரைக்காரம்மா ஒருநாள் கேட்டார்.

"கலைப்பொருள்மா."

"அப்ப வெளியில எடுத்து வைங்களேன். நாலு பேர் பார்க்கட்டும்."

"காத்துப் பட்டா கறுத்துடும்."

"சரி, கையிலயாவது வெச்சுப் பாருங்க."

"கை பட்டா கறை படிஞ்சிடும்."

"காத்தும் படக் கூடாது, கையும் படக் கூடாது. உங்கம்மா உங்க தம்பியை வளர்த்த மாதிரில்ல இருக்கு!"

இன்னொரு நாள் அவர் கைப்பேசியில் எதையோ கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரைக்காரம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "யாருங்க இவங்க, தலைமுடி பூரா பாம்பா இருக்கே?"

"மெடூசா. இவங்களை நேருக்கு நேர் பார்த்தவன் அப்படியே கல்லாயிடுவான்."

"அடப் பாவமே. வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருந்தா என்ன பாடு பட்டிருப்பாரோ."

லிஃப்ட்காரர் பதில் சொல்லவில்லை. கல்லுக்கு வாய் ஏது?

அந்தப் படம்தான் வினை. பன்னிரண்டு வட்டுகள் அடங்கிய தொகுப்பு அது. இடியேந்திய ஜீயஸ் முதல் பாம்புத்தலை மெடூசா வரை பன்னிரண்டு பேரும் ஒரே பெட்டியில். மொத்தமே இருநூறு பெட்டிதான் செய்தார்களாம். மனிதருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் உச்சியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, இடது கை சாப்பிட்டதா வலது கை சாப்பிட்டதா தெரியாது, ஒரு கை மட்டும் ஆர்டர் போட்டுவிட்டது.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்த வருஷத்துப் போனஸ் வந்ததும் மனைவிக்குப் புதுத் தையல் மெஷின் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பழைய மெஷின் கெட்டித் துணியைக் கண்டால் இருமும். மூன்று மடிப்பு வந்தால் மூச்சை விட்டுவிடும். அப்போதெல்லாம் திரைக்காரம்மா வலது கையால் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தள்ள வேண்டும். சாயங்காலமானால் வலது தோளைத் தூக்க முடியாது. இடது கையால்தான் தலை வாரிக்கொள்வார். போனஸ் மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. "தலைமை ஆபீஸ்ல கையெழுத்தாகலைமா" என்று லிஃப்ட்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலை திரைக்காரம்மா இழுப்பறையைத் தூசு தட்டியபடி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இதோ பாருங்க. இன்னொரு வட்டு இந்த வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தா, உள்ளே இருக்கிற அஞ்சும் வெளியே போயிடும். சம்மதமா?"

"சம்மதம்."

"தலையாட்டாதீங்க. வாயால சொல்லுங்க."

"இனி ஒண்ணுகூட வாங்க மாட்டேன். போதுமா?"

மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: வாங்கியது ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இனி வாங்கப் போவதில்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது? இப்படி அவர் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போடும்போதுதான் மணி அடித்தது.

"யாருங்க வாசல்ல?" மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் வந்தது.

"ஒண்ணுமில்லைமா! லிஃப்டுக்கு உதிரி பாகம்!"

படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிரித்தார். ஆஹா! வழவழவென்று மரப்பெட்டி. உள்ளே நீல வெல்வெட். அதில் வட்ட வட்டமாகப் பன்னிரண்டு குழி. ஒவ்வொரு குழியிலும் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வட்டு. கடலாளும் பொசைடன், அறிவுக்கு அதீனா, மெழுகுச் சிறகோடு இகாரஸ், திறக்கக் கூடாத பெட்டியைத் திறந்த பண்டோரா, மலையில் பாறையை உருட்டி உருட்டி ஏற்றும் சிசிபஸ். கூடவே எல்லாருடைய கதையும் பெட்டியின் படமும் அச்சிட்ட ஒரு தாள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சரி, இதை எங்கே ஒளிப்பது?

பெட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டடத்தின் மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் ரூம். உலகத்தில் அவருடைய ஆட்சி நடக்கிற ஒரே அறை. ஆனால் வட்டுகளை அங்கே வைக்க முடியாது. எண்ணெய்ப் புகை, சூடு, சோதனைக்கு வருகிற மற்ற மெக்கானிக்குகளிடமும் சாவி உண்டு. வீட்டிலோ கட்டிலுக்கு அடியில் தினமும் துடைப்பம் போகும். அலமாரியில் ஒரு சட்டை மடிப்பு மாறினாலும் தெரிந்துவிடும்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் முட்டாள். பூசணிக்காயைப் பூசணித் தோட்டத்தில் அல்லவா மறைக்க வேண்டும்!

திரைச்சீலை காற்றில் பறக்காமல் நேராகத் தொங்குவதற்கு, கீழ் மடிப்பின் இரண்டு ஓரத்திலும் கனமான இரும்பு வில்லை வைத்துத் தைப்பார்கள். கிட்டத்தட்ட வெள்ளி வட்டின் அகலம்தான். துணியில் துரு படாமலிருக்க ஒவ்வொரு வில்லையையும் சின்னத் துணிப்பையில் போட்டிருக்கும். திரைக்காரம்மாவின் மேஜைக்கு அடியில் ஒரு பெரிய தகர டின் நிறைய அப்படி வில்லைகள் கிடந்தன. நூற்றுக்கு மேல்.

கீழ்த்தளத்துப் பல் டாக்டருடைய கிளினிக் ஜன்னலை அளக்க அவர் இறங்கிய நேரம் பார்த்து, லிஃப்ட்காரர் கையுறை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து வட்டைக் கழற்றும்போது பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டக் கொடுப்பது போல நெஞ்சு அடித்துக்கொண்டது. பன்னிரண்டையும் பன்னிரண்டு காலித் துணிப்பைக்குள் போட்டு, டின்னின் அடிமட்டத்தில் பரப்பி, மேலே இரும்பு வில்லைகளைக் கொட்டி மூடினார். மேலிருந்து எடுத்துத் தைத்துக்கொண்டே வந்தால் அடியைத் தொட ஆறு மாசமாகும். அதற்குள் ஏதாவது வழி பிறக்காதா?

பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவர், மனைவி எப்படி வேலை செய்கிறார் என்று ஒருநாளாவது நின்று பார்த்திருக்க வேண்டும். பார்த்ததில்லை. அவர் வேலைக்குப் போன பிறகுதான் மனைவி புது வேலையை எடுப்பார். புது ஆர்டர் தொடங்கும்போதெல்லாம் திரைக்காரம்மா முதலில் செய்வது அந்த டின்னைத் தலைகீழாகத் தரையில் கவிழ்ப்பதுதான். பழசு அடியிலேயே கிடந்து துருப்பிடித்துவிடக் கூடாது. அடியில் இருப்பது முதலில் செலவாக வேண்டும். அது அவருடைய தொழில் சட்டம்.

மறுநாள் சாயங்காலம் டீ கொடுத்தபடி கேட்டார். "என்னங்க, என் டின்ல உங்க சாமான் ஏதாவது போட்டு வெச்சிருக்கீங்களா?"

லிஃப்ட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானா? உன் டின்லயா? நான் எதுக்குமா?"

"இல்லை, சும்மா கேட்டேன். ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமா!"

"அப்ப டின்ல இருக்கிறது பூரா என்னுது."

"பூராவும் உன்னுதுதான்மா. அதுல என்ன சந்தேகம்?" என்றார் அவர், தாராளமாக.

இரண்டு நாள் கழித்து, திரைக்காரம்மா குளிக்கப் போன சமயம், ஆசை பொறுக்காமல் டின்னுக்குள் கையை விட்டார். அடியைத் துழாவினார். இரும்பு. பக்கவாட்டில் துழாவினார். இரும்பு. மேலே, நடுவே, மூலையில், எங்கே தொட்டாலும் இரும்பு.

"ஏம்மா," என்றார், குரலைச் சாதாரணமாக்க முயன்று, "டாக்டர் கிளினிக் வேலை என்னாச்சு?"

"அதுவா? முடிச்சு மாட்டியாச்சே. ஆறு திரை."

"ஆறு திரைன்னா... வில்லை எத்தனை வெப்ப?"

"திரைக்கு ரெண்டு."

ஆறிரண்டு பன்னிரண்டு. லிஃப்ட்காரர் அப்படியே துணிக் குவியல் மேல் உட்கார்ந்தார். பன்னிரண்டு கடவுளும் கீழ்த்தளத்தில் ஜன்னல் ஓரத்தில் தொங்குகிறார்கள்! வாயைத் திறந்து கேட்டால் பழைய ஐந்தும் போய்விடும். போனஸ் கதையும் வெளியே வந்துவிடும். தேள் கொட்டிய திருடன் கத்தவும் முடியாது, தேய்த்துவிட்டுக்கொள்ளவும் முடியாது.

கிளினிக்குக்குள் நுழைய என்ன காரணம் சொல்வது? பல் வலி என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லிப் பல் டாக்டரிடம் யாரும் போனதாகத் தெரியவில்லை. மறுநாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு போனார்.

காத்திருக்கும் இடத்திலேயே இரண்டு திரை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, மடிப்பின் ஓரத்தை விரலால் நசுக்கிப் பார்த்தார். வட்டமாக இருந்தது. கனமாக இருந்தது. மேடு பள்ளமாகவும் இருந்த மாதிரி இருந்தது. ஆசை விரல் நுனியில் உட்கார்ந்திருக்கும்போது சட்டைப் பொத்தானில்கூடப் பாம்பு தட்டுப்படும்.

"என்ன சார், கீழே ஏதாவது விழுந்துடுச்சா?"

பல் டாக்டர். சின்ன வயசு, எப்போதும் சிரித்த முகம். பல் அப்படி.

"இல்லை டாக்டர். துணி... நல்ல துணி. வீட்டுக்காரி தைச்சதாச்சே, அதான் தடவிப் பார்த்தேன்."

"மண்டி போட்டா?"

"மரியாதைதான்."

திரை ஓரத்தையே பார்த்துக்கொண்டு உள்ளே போனவரை நாற்காலியில் சாய்த்தார்கள். எந்தப் பல் என்று கேட்டார் டாக்டர். அதை இவர் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை. ஏதோ ஒன்றைக் காட்டினார். டாக்டர் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆஆ!"

நடிப்பில்லை. வருஷக்கணக்காக வாயை மூடியே வைத்துப் பழகியவர், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்ததே இல்லை.

"நல்ல வேளை வந்தீங்க சார். வேர் வரைக்கும் போயிருக்கு. இன்னிக்குச் சுத்தம் பண்ணிடலாம், அடுத்த வாரம் மறுபடி வாங்க. பயப்படாதீங்க. கண்ணைத் திறந்து எதிர்ச் சுவத்தைப் பாருங்க, புதுசா ஒண்ணு மாட்டியிருக்கேன். அதைப் பார்த்துட்டே இருந்தா ஊசியே தெரியாது."

"வேண்டாம் டாக்டர். நான் கண்ணை மூடிக்கறேன்."

"சும்மா ஒரு தடவை பாருங்களேன்."

பத்து மாடி உயரத்தில் கம்பிக் கயிற்றில் தொங்குகிறவர்தான். ஆனால் ஊசியைக் கண்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். மூடியது மூடியபடி, எல்லாம் முடிந்து வெளியே கூட்டி வரும்வரை திறக்கவில்லை. திறந்ததும் முதல் வேலையாக மறுபடி குனிந்து திரை ஓரத்தைப் பிடித்தார்.

பாதி வாய் மரத்து, கன்னம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள வீட்டுக்கு வந்தார்.

"ஏங்க, முகம் ஏன் கோணலா இருக்கு?"

"முகம் இல்லைமா," என்றார் குழறியபடி. வழியெல்லாம் யோசித்து வைத்த அஸ்திரத்தை எடுத்து விட்டார். "திரைதான் கோணல்."

மெஷின் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"டாக்டர் ரூம் திரை. இடது பக்கம் கால் இஞ்ச் இறங்கியிருக்கு. நான் தூக்குக்குண்டு பிடிச்சு வேலை பார்க்கிறவன்மா. லிஃப்ட் தண்டவாளம் ஒரு நூல் சாஞ்சாலே என் கண்ணுக்குத் தெரிஞ்சிடும்."

கத்தரிக்கோல் பறக்கும் என்று எதிர்பார்த்து ஒரு தலையணையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். ஆனால் திரைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அப்படியா? கண்ணுதான் எனக்கும் முன்ன மாதிரி இல்லை. அப்ப ஞாயித்துக்கிழமை ஆறையும் கழட்டிக் கொண்டு வந்துடுங்க. நீங்களே மடிப்பைப் பிரிச்சு வைங்க. நான் அளந்து தைச்சுக்கறேன்" என்றார்.

சண்டை வர வேண்டிய இடத்தில் சம்மதம் வந்தால் மனுஷன் பயப்பட வேண்டும். இவர் சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் ஆள் கழற்றி வாசலிலேயே கொடுத்துவிட்ட ஆறு திரையும் தோளில் ஏறி நான்காவது மாடிக்கு வந்தன. "நீங்க பிரிங்க, நான் நூல் வாங்கிட்டு வந்துடறேன்" என்று திரைக்காரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தெருவில் இறங்கியது தெரிந்ததும் லிஃப்ட்காரர் மோட்டார் ரூமுக்கு ஓடி லிஃப்டை நிறுத்தி, ஒவ்வொரு மாடியிலும் 'பழுது' பலகையைத் தொங்கவிட்டார். என்ன முன்யோசனை பாருங்கள்! நடந்து ஏறினால் எழுபத்திரண்டு படி. தோள்வலிக்காரி, மூச்சு வாங்கி நின்று நின்றுதான் வர முடியும். ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தத் தோளின் நினைப்பு வந்ததும் மனசு ஒரு கணம் சுருக்கென்றது. ஒரே ஒரு கணம்.

பிரிக்க ஆரம்பித்தார். அது தையலா, கோட்டைச் சுவரா! விரலில் நாலு குத்து. முதல் பை வந்தது. உள்ளங்கையில் கவிழ்த்தார்.

இரும்பு.

சரி, ஒன்று மாறியிருக்கும். இரண்டாவது. இரும்பு. ஐந்தாவது, எட்டாவது, பத்தாவது. பன்னிரண்டாவதை எடுக்கும்போது வாய்விட்டு வேண்டிக்கொண்டே எடுத்தார். கம்பெனி முத்திரை குத்திய, நல்ல தரமான இரும்பு.

டின்னிலும் இல்லை, திரையிலும் இல்லை. எங்கே போனார்கள் பன்னிரண்டு பேரும்? தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் ராஜா கதை அந்தத் தாளில் இருந்தது. தொட்டதெல்லாம் இரும்பாகிற கதை யாருடையது? கதையை மறுபடி படித்துப் பார்க்கலாம் என்று சட்டையைத் தேடினார். சட்டை துவைத்துக் கொடியில் தொங்கியது. பை காலி. தண்ணீரில் கரைந்துபோயிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கைப்பேசி அடித்தது.

"என்னங்க, கொஞ்சம் கீழே வாங்க. ஒரு பெட்டி இருக்கு, கனம். லிஃப்டு வேற பழுதாம். எவன் பார்க்கிற லிஃப்டோ, லட்சணம் அப்படி இருக்கு."

கீழே ஒரு பெரிய அட்டைப்பெட்டி. தூக்கினார். முதல் மாடியில் முதுகு பேசியது. இரண்டாம் மாடியில் முழங்கால் பேசியது. மூன்றாம் மாடியில் பாறை உருட்டும் சிசிபஸ் ஞாபகத்துக்கு வந்தான். அவனுக்காவது பின்னாலிருந்து ஒருத்தர், "பார்த்து, சுவத்துல இடிக்காதீங்க. இந்தப் பக்கம் சாய்க்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே வரவில்லை.

"என்னம்மா... இது... யாரோட சாமான்?" என்றார், நான்காவது மாடியில் சுவரோடு சாய்ந்து.

"திறந்துதான் பாருங்களேன்."

பண்டோராகூட இவ்வளவு பயந்து திறந்திருக்க மாட்டாள். உள்ளே பளபளவென்று புதுத் தையல் மெஷின்.

"ஏது?"

"போனஸ் வந்துடுச்சுங்க."

"யா... யாருக்கு?"

"நமக்குத்தான். கொஞ்சம் சுத்தி வந்துச்சு, அவ்வளவுதான்."

ஆபீஸில் விசாரித்திருப்பாளோ? விசாரித்திருந்தால் ஏன் திட்டவில்லை? வேறு எந்தப் போனஸ்? இந்தக் கேள்விகளில் எதைக் கேட்டாலும் பதில் தன் கழுத்தில்தான் வந்து விழும் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி வைத்தார்.

திரைக்காரம்மா பிரித்துப் போட்ட மடிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். "அட, ஆறையும் பிரிச்சாச்சா? நல்லதாப் போச்சு. டாக்டர் ரெண்டு இஞ்ச் குட்டை பண்ணித் தரச் சொல்லியிருந்தார். இந்தத் தோளை வெச்சுக்கிட்டு எப்படிப் பிரிக்கிறதுன்னு மலைச்சுட்டிருந்தேன்."

அடுத்த வாரம் முழுக்க லிஃப்ட்காரர் நிலைகொள்ளாமல் திரிந்தார். ஒருவேளை வேறு யார் வீட்டுத் திரையிலாவது போய்விட்டதோ? இருபத்திரண்டு கட்டடத்திலும், மனைவி தைத்த திரை எங்கே தொங்கினாலும் குனிந்து ஓரத்தைப் பிசைந்தார். "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். எங்க போனாலும் உங்க தையலைத் தொட்டுக் கும்பிடறாராமே" என்று மூன்று பேர் திரைக்காரம்மாவிடம் வந்து சொன்னார்கள்.

பல் டாக்டரிடம் இரண்டாம் முறை போகும் நாள் வந்தது. "நானும் வர்றேன். திரையைத் திரும்ப மாட்டணும்" என்று திரைக்காரம்மாவும் கூடவே வந்தார்.

நாற்காலி சாய்ந்தது. வாசலிலேயே ஊசியை நினைத்து மூடிய கண் மூடியபடியே இருந்தது. ஊசி, பிறகு வாயின் இரண்டு பக்கமும் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், வாய் மூடாமலிருக்க ஒரு ரப்பர் கட்டை. மனிதர் இனி ஒரு சொல் பேச முடியாது என்று உறுதியானதும், ஜன்னல் பக்கமிருந்து திரைக்காரம்மாவின் குரல் வந்தது.

"என்னங்க, கண்ணைத் திறந்து எதிரே பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு!"

டாக்டர் சொன்னால் மூடிய கண் மூடியபடி இருக்கும். மனைவி சொன்னால் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்தார்.

எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சட்டம். நீலத் துணியின் மேல் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. ஜீயஸ். பொசைடன். அதீனா. இகாரஸ். ஒவ்வொருவருக்கும் கீழே முத்து முத்தாகப் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. நடு வரிசையில், நேருக்கு நேர், மெடூசா.

லிஃப்ட்காரர் கல்லானார்.

"ஆ!" என்றது கல்.

"வலிக்குதா சார்?"

"ஆ! ஆ... ஆஆ!"

"அப்படித்தான். இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க." டாக்டர் கருவியை எடுத்தபடி பேச்சுக் கொடுத்தார். "அன்னிக்கே பார்க்கச் சொன்னேனே. உங்க வீட்டம்மாகிட்ட வாங்கினதுதான். இந்த நாற்காலியில படுக்கறவங்க பார்க்க எதையாவது மாட்டணும்னு ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன். இனிமே இதெல்லாம் வேண்டாம்னு சபதமே எடுத்துட்டீங்களாமே? பெரிய மனசு சார் உங்களுக்கு."

"ஆமாம் டாக்டர்," என்றார் திரைக்காரம்மா, ஏணியில் ஏறியபடி. "என் டின்னைக் கவுத்தேன், பன்னிரண்டு பை மட்டும் கையில வேற மாதிரி கனத்துச்சு. பத்தொன்பது வருஷமா எடுக்கறேன், இரும்பு கனம் எனக்குத் தெரியாதா? அன்னிக்கே இவர்கிட்ட கேட்டேன், உங்களுதான்னு. இல்லைன்னார். நிச்சயமான்னேன். நிச்சயமான்னார். பூராவும் உன்னுதுன்னு வாயாலயே சொல்லிக் கொடுத்துட்டார். அப்புறம் நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"ஏதாவது சொல்லணுமா சார்? வேணும்னா கட்டையை எடுக்கவா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். என்னுடையது என்று சொன்னால் இழுப்பறையில் இருக்கும் ஐந்தும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பன்னிரண்டும் போனதுதான். ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்த்தார். திரைக்காரம்மா கனத்த திரையை வலது கையாலேயே தலைக்கு மேல் தூக்கி, முனகாமல், கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அவ்வளவு உயரம் போய் அவர் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். ஒன்றும் இல்லை.

"அந்தக் கதைத் தாள்கூட துவைக்கறப்ப சட்டைப்பையில கிடைச்சுது. டாக்டருக்கு ஒவ்வொண்ணுக்கும் கீழே பேர் எழுதி ஒட்ட ரொம்ப உதவியா இருந்துச்சு," என்று திரைக்காரம்மா கடைசி வளையத்தை மாட்டிவிட்டு, நலுங்காமல் இறங்கி வந்து, கணவரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "அப்புறங்க, வீட்டுக்கு வரும்போது மோட்டார் ரூமைத் திறந்து அந்தக் காலிப் பெட்டியையும் எடுத்துட்டு வந்துடுங்க. தாள்ல படம் பார்த்தேன், பன்னிரண்டு குழி இருக்கு. புது மெஷினோட நூல்கண்டு வைக்க அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும்."